கயிறு இழுக்கும் ரம்பமும் விசை அழுத்தும் ரம்பமும்

புயலுக்கு மறுநாள், பாதையை மறித்துக் கிடந்த மரத்தை அப்புறப்படுத்தும் வேலை. காலையில் கையில் இருந்தது பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம். சோக்கை இழுத்துவிட்டு, ரம்பத்தைத் தரையோடு அழுத்தி, பின்கைப்பிடியில் காலை ஊன்றிக் கயிற்றை இழுத்தேன். நான்காவது இழுப்பில் ஒருமுறை இருமியது. சோக்கைத் தளர்த்தி மறுபடி இழுத்ததும் பிடித்துக்கொண்டது. ஒரு கிளையை அறுப்பேன், அணைப்பேன், அறுத்ததை இழுத்து ஓரமாகப் போடுவேன், திரும்பக் கயிறு. பிற்பகலில் நண்பரின் பேட்டரி ரம்பம் வந்து சேர்ந்தது. விசையை இழுத்தால் சங்கிலி ஓடியது, விட்டால் நின்றது. அறுத்த நேரத்தைவிட அறுக்காத நேரமே அதிகம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

எதை வாங்குவது என்று கேட்பவர்களிடம் அதனால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் வேலை விட்டுவிட்டு நடப்பதா, விடாமல் நடப்பதா? பெரும்பாலோர் ‘பேட்டரிக்கு அவ்வளவு சக்தி இருக்குமா’ என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பு அது சரியான கேள்வி. இன்று அதற்குப் பாதி மதிப்புதான்.

மரத்தை அறுப்பது இன்ஜினும் அல்ல, மோட்டாரும் அல்ல, சங்கிலி. ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, வண்டின் புழு ஒன்று அடிமரத்தை இடமும் வலமுமாக மாறிமாறிக் கடித்துக்கொண்டு போவதை உற்றுப் பார்த்தார். அதே முறையில் வளைந்த பற்கள் கொண்ட சங்கிலியை 1947இல் கொண்டுவந்தார். இன்றைய ரம்பங்களில் ஓடும் சங்கிலிகள் அந்த வழியில் வந்தவைதான். பெட்ரோலானாலும் பேட்டரியானாலும் பல் மழுங்கினால் கதை முடிந்தது. கூரான சங்கிலி செதில் செதிலாகத் தள்ளும், மழுங்கியது மாவாக உதிர்க்கும். பெட்ரோல் ரம்பத்தில் மழுங்கிய சங்கிலியோடு அழுத்தி ஒப்பேற்றிவிடலாம். பேட்டரியில் அந்தச் சலுகை கிடையாது. சார்ஜ் கண்முன்னே கரையும், அழுத்தினால் மோட்டார் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். ‘பேட்டரி ரம்பம் இழுக்கவில்லை’ என்று சொல்பவர்களின் சங்கிலியை நான் முதலில் தொட்டுப் பார்ப்பேன், பேட்டரியைக் கழற்றிவிட்டு.

சக்தியைப் பொறுத்தவரை, மின்மோட்டாருக்கு ஒரு பிறவிச் சிறப்பு உண்டு. நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையைக் கொடுக்கும். பெட்ரோல் ரம்பத்தின் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் வேகம் பிடித்தால்தான் வலு காட்டும். தொழில்முறைப் பேட்டரி ரம்பங்களில் ஸ்டீல் (Stihl) என்ற ஜெர்மன் நிறுவனத்தின் எம்எஸ்ஏ 300 போன்றவை 3 கிலோவாட் வரை தருகின்றன. நடுத்தரப் பெட்ரோல் ரம்பத்துக்கு அது சளைத்ததல்ல. ஆனால் 90 சிசி பெட்ரோல் ரம்பம் 5 கிலோவாட்டைத் தாண்டும். கட்டிப்பிடிக்க முடியாத அடிமரத்தை நாள் முழுக்க அறுப்பவருக்கு அதற்கு மாற்று இன்னும் வரவில்லை.

உண்மையான தடை எரிபொருள் கணக்கில் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. அரை லிட்டர் டேங்க் என்றால் நாலரை யூனிட். 36 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பது 180 வாட்-ஹவர், அதாவது ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 25 மடங்கு வித்தியாசம்! பெட்ரோல் கட்சியினர் இத்தோடு வாதத்தை முடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சின்ன இன்ஜின் தான் குடிப்பதில் பெரும்பகுதியைச் சூடாகவும் புகையாகவும் இறைத்துவிடுகிறது. மோட்டாரோ வாங்கியதில் பெரும்பகுதியைச் சங்கிலிக்கே கொடுக்கிறது. அதையும் கழித்துப் பார்த்தால் சங்கிலிக்குப் போய்ச் சேரும் ஆற்றலில் வித்தியாசம் ஏறத்தாழ ஐந்து மடங்காகச் சுருங்கும். பெட்ரோல் ரம்பம் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும் நேரத்திலும் குடிக்கிறது என்பதைச் சேர்த்தால் இன்னும் குறையும். ஆனாலும் அந்த ஐந்து மடங்கைத் தட்டிக்கழிக்க முடியாது. பெட்ரோல் ஊற்ற ஒரு நிமிடம், பேட்டரி ஏற அரை மணியோ ஒரு மணியோ. மின்கம்பி எட்டாத காட்டுக்குள் ஒரு கேன் பெட்ரோல் செய்வதை ஒரு பை நிறையப் பேட்டரிகள்தான் செய்ய வேண்டும். கடுங்குளிரில் அந்தப் பேட்டரிகளும் சோர்ந்துபோகும்.

இனி, விலைப்பட்டியலில் வராத ஒன்று: ரம்பத்தைப் பிடித்திருக்கும் ஆளின் உடம்பு. எனக்கு இதுதான் முக்கியம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் புகை வெளியேறும் வழி திறந்திருக்கும்போதே புதிய பெட்ரோலும் ஆயிலும் உள்ளே பாய்கின்றன. அதில் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடுகிறது. புதிய வடிவமைப்புகள் இதைக் குறைத்திருக்கின்றன, ஒழித்துவிடவில்லை. குனிந்து அறுப்பவரின் முகத்துக்கு நேரேதான் அந்தக் காற்று வருகிறது. அடுத்தது அதிர்வு. பல ஆண்டுகள் ரம்பம் பிடித்த வனத்தொழிலாளர்களுக்குக் குளிர் பட்டால் விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகும். ‘வெள்ளை விரல்’ என்றே அந்த நோய்க்குப் பெயர். அதிர்வைத் தாங்கும் கைப்பிடிகள் வந்த பிறகு அது குறைந்தது. மோட்டாரில் பிஸ்டனே இல்லாததால் இன்னும் குறைகிறது. சத்தம்: பெட்ரோல் ரம்பம் காதருகே 100 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். பேட்டரி ரம்பம் பெரும்பாலும் 10 டெசிபல் அளவுக்காவது தணிந்திருக்கும். அதற்காகக் காதுறையைக் கழற்றிவிடாதீர்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2021இல் சட்டம் இயற்றி, 2024 மாடலிலிருந்து சிறிய இன்ஜின் கருவிகளைப் புகையற்றவையாக மாற்றச் சொன்னது. 45 சிசியும் அதற்கு மேலும் உள்ள சங்கிலி ரம்பங்கள் அதில் அடங்கவில்லை. விவசாய, கட்டுமானக் கருவிகள் மத்திய அரசின் அதிகாரத்தில் வருவதே காரணம். சட்டக் காரணம் எதுவானாலும், பேட்டரியால் இன்று எட்ட முடிகிற எல்லைக்கு அருகில்தான் அந்தக் கோடு விழுந்திருக்கிறது.

மின்சாரத்துக்கு மாறுவது புதுமோகம் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டீல் நிறுவனத்தைத் தொடங்கிய ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் முதலில் செய்தது மின்சார ரம்பம்தான், பெட்ரோல் ரம்பம் 1929இல் வந்தது. எமில் லெர்ப் என்ற இன்னொரு ரம்பத் தயாரிப்பாளர் 1927இல் ஜெர்மனியின் டோல்மார் மலையில் பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்து, தன் நிறுவனத்துக்கு அந்த மலையின் பெயரையே வைத்தார். அந்த டோல்மாரை 1991இல் மகிட்டா என்ற ஜப்பானியக் கருவி நிறுவனம் வாங்கியது. அதே மகிட்டா 2022இல் இன்ஜின் கருவிகளின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது.

பேட்டரியிலும் ஆபத்து உண்டு. உறுமிக்கொண்டிருக்கும் இன்ஜின் ‘கிட்டே வராதே’ என்று அக்கம்பக்கத்தாரை எச்சரிக்கிறது. பேட்டரி ரம்பம் பேசாமல் கிடந்து, விசை பட்டதும் பாய்கிறது. சங்கிலி வினாடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது என்றால் அது மணிக்கு 72 கிலோமீட்டர். சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடான பாரின் மேல்நுனி மரத்தில் முட்டினால் முகத்தை நோக்கி எகிறி அடிப்பதும் இரண்டிலும் ஒன்றுதான். எடை குறைவு என்று ஒற்றைக் கையால் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. சங்கிலியைத் தொடும் முன் பேட்டரி வெளியே வந்திருக்க வேண்டும், விதிவிலக்கே கூடாது.

பராமரிப்பில் வெற்றி யாருக்கு என்பது எத்தனை ஆண்டுகளைக் கணக்கில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சில மாதம் சும்மா கிடந்த பெட்ரோல் ரம்பத்தில் எரிபொருள் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்துவிடும். டூ டி ஆயில் கலவை, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் என்று கவனிக்க வேண்டியவை நீளும். பேட்டரியில் அவை எதுவும் இல்லை. சங்கிலி ஆயில் ஊற்றி, பல்லுக்கு அரம் போட்டால் போதும். பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இருபது வயதான பெட்ரோல் ரம்பத்தைப் பிரித்து, பிஸ்டன் ரிங் மாற்றி ஓடவிட முடிகிறது. பேட்டரி ரம்பத்தில் மின்னணுப் பலகை கெட்டால் அதை அப்படியே மாற்றுவதுதான் வழி. ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொரு நிறுவனத்தின் கருவியில் பெரும்பாலும் பொருந்தாது. முதல் கருவியை வாங்கும்போதே அடுத்த ஐந்து கருவிகளையும் யாரிடம் வாங்குவது என்று முடிவாகிவிடுகிறது. ஒரே மாதிரிப் பேட்டரி வேண்டும் என்று வாங்குபவர்கள் உரக்கக் கேட்க வேண்டிய காலம் இது.

கிளை கழிப்பவர், விறகு அறுப்பவர், தோட்டம் வைத்திருப்பவர் எல்லோரும் தயங்காமல் பேட்டரிக்குப் போகலாம், இரண்டாவது பேட்டரியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு. பெருமரம் சாய்ப்பவர்களிடம் பெட்ரோலை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கயிற்றில் தொங்கிக்கொண்டு உச்சிக்கிளையை அறுப்பவருக்கு மட்டும் பெட்ரோல் ரம்பத்தை இனி நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கை மரத்தைப் பற்றியிருக்க, இடுப்பில் தொங்கும் ரம்பத்தின் ஸ்டார்ட்டர் கயிற்றை மறுகையால் அவர் வெட்டி வெட்டி இழுப்பதைக் கீழே நின்று பார்த்திருக்கிறேன்.