பணியாளர் பதிவில் கூடுதல் புலம்: டிஎஃப்எஃப், எஸ்ஐடி, இஐடி ஓர் ஒப்பீடு

டர்பனின் தென்பகுதித் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் ஆலையின் மனிதவளப் பிரிவுக்காக ஆரக்கிள் இ-பிசினஸ் சூட் மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. பணியாளர் பதிவில் நான்கு விவரங்களைப் புதிதாகச் சேர்க்கும்படி ஒருமுறை கேட்டார்கள்: லாக்கர் எண், சீருடை அளவு, முதலுதவிச் சான்றிதழ், பண்டிகை விடுப்போடு சேர்ந்த உணவுமுறை. கடைசியாகச் சொன்னது வெளியூர்க்காரர்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். தென்னாப்பிரிக்காவின் 12 பொது விடுமுறை நாட்களில் தீபாவளி இல்லை. ஆகவே அன்றைக்கு யார் யார் விடுப்பு எடுப்பார்கள் என்பது ஷிப்டு போடுகிறவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அதுபோலவே, புரட்டாசி முழுவதும் கவிச்சி தொடாத, இந்திய வம்சாவளியினர் மிகுந்த சாட்ஸ்வொர்த் புறநகர் ஆட்கள் எங்களிடம் நிறையப் பேர் இருப்பதால், கேன்டீன்காரருக்கு மாதம் பிறக்கும் முன்பே எண்ணிக்கை தேவைப்படுகிறது.

இவற்றை எக்செல் தாளில் வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசத் தேவையில்லை. அப்படி வைத்திருந்ததால்தான் இந்தக் கோரிக்கையே வந்தது. தனி அட்டவணையும் தனித் திரையும் எழுதுவதும் ஒரு வழிதான் என்றாலும், எழுதியவர் வேலையை விட்டுப் போனபின் அதைத் தொட எவரும் துணிய மாட்டார்கள். மீதமிருப்பவை மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் மூன்று வழிகள்: டிஸ்க்ரிப்டிவ் ஃபிளெக்ஸ்ஃபீல்டு எனப்படும் டிஎஃப்எஃப், ஸ்பெஷல் இன்ஃபர்மேஷன் டைப் எனப்படும் எஸ்ஐடி, எக்ஸ்ட்ரா இன்ஃபர்மேஷன் டைப் எனப்படும் இஐடி. நான் இஐடியின் பக்கம் சாய்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சாய்வு எனக்கு ஒரு தவறு செய்த பிறகே வந்தது.

டிஎஃப்எஃப் எல்லோருக்கும் தெரிந்தது. பணியாளர் திரையின் மூலையில் இரண்டு சதுர அடைப்புக்குறிகளுக்கு நடுவே வெறுமையாக நிற்கும் சிறு பெட்டிதான் அதன் வாசல். பணியாளர் அட்டவணையிலேயே அட்ரிபியூட்1 முதல் அட்ரிபியூட்30 வரை காலியான நெடுவரிசைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 150 எழுத்துகள் வரை தாங்கும். செக்மென்ட் எனப்படும் உட்புலத்துக்குப் பெயர் வைத்து, அதில் எந்த மதிப்புகள் வரலாம் என்று வரையறுக்கும் வேல்யூ செட் ஒன்றை இணைத்து, அந்த அமைப்பை உறையவைத்துத் (ஃப்ரீஸ்) தொகுத்துவிட்டால் (கம்பைல்) அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அந்த எளிமையில் மயங்கித்தான் முதலில் நான்கையும் அங்கேயே போட்டேன். லாக்கர் எண்ணை யாரும் நிரப்பாமல் விடக்கூடாது என்று பாதுகாப்புப் பிரிவு வற்புறுத்தியதால், அந்தச் செக்மென்ட்டைக் கட்டாயம் என்றும் குறித்துவைத்தேன்.

அன்றிரவு, ஆட்சேர்ப்பு முறையிலிருந்து ஏறவேண்டிய ஒப்பந்தத் தொழிலாளர் தொகுதி முழுவதும் பிழையாகித் திரும்பியது. புதியவர்களைப் பதிவு செய்யும் நிரல் லாக்கர் எண்ணை அனுப்பவில்லை, அனுப்பவும் வழியில்லை. வேலைக்கே சேராத ஒருவருக்கு லாக்கர் எங்கிருந்து வரும்? மறுநாள் காலை சம்பளப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர், பழைய பணியாளர் ஒருவருடைய குடும்பப் பெயரில் எழுத்துப் பிழையைத் திருத்தச் சென்றபோது, லாக்கர் எண்ணைக் கேட்டுக்கொண்டு ஒரு சன்னல் திறந்து வழிமறித்தது. அவர் ஒன்பது என்று எதையோ அடித்துச் சேமித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பிழை முழுவதும் என்னுடையது.

மூன்று வழிகளில் எதைத் தேர்வது என்பதைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி, என் அனுபவத்தில், இதுதான்: புதிதாகச் சேர்க்கும் புலம் தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்குமா, அல்லது பணியாளர் பதிவைத் தொடும் ஒவ்வொருவருடைய வேலையிலும் குறுக்கிடுமா? டிஎஃப்எஃப் குறுக்கிடும். அது பணியாளர் வரிசையின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டாயம் என்ற குறியை நீக்கிய பிறகும் அந்த ஒட்டுறவு விடவில்லை. பணியாளர் அட்டவணை தேதிவாரியாக வரலாறு வைக்கும் அட்டவணை. ஆகவே ஒருவருடைய சட்டை அளவு மாறியதைத் திருத்தம் என்று சேமித்தால் பழைய அளவு அழிந்துவிடும்; புதுப்பிப்பு என்று சேமித்தால், சட்டைக்காக அவருடைய பெயர், பிறந்த நாள், மண நிலை எல்லாமே புதிய தேதியோடு இன்னொரு வரிசையில் நகலாகும். ஆண்டு இறுதியில் தணிக்கையாளர் ஒருவர், இந்த மனிதருடைய பதிவு மார்ச்சில் ஏன் மாறியது என்று கேட்டபோது, இரண்டு வரிசைகளையும் நெடுவரிசை நெடுவரிசையாக ஒப்பிட்டுப் பார்த்து, லார்ஜ் எக்ஸ்ட்ரா லார்ஜ் ஆனதுதான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

இஐடி இந்தத் தொல்லையிலிருந்து விலகி நிற்கிறது. அதன் விவரம் வேறோர் அட்டவணையில், பணியாளரின் அடையாள எண்ணைச் சுட்டிக்கொண்டு தனி வரிசையாக உட்காரும். அங்கே ஒரு செக்மென்ட்டைக் கட்டாயமாக்கினால் அந்த விவரத்தை உள்ளிடுகிறவரை மட்டுமே அது கட்டுப்படுத்தும்; சம்பளப் பிரிவு அக்காவுக்கும் ஆட்சேர்ப்பு நிரலுக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒருவருக்கு ஒரே வரிசையா, பல வரிசைகளா என்பதையும் அந்த இஐடி வகையைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடலாம். புதிய வகை ஒன்று வேண்டுமானால் கான்டெக்ஸ்ட் எனப்படும் புதிய செக்மென்ட் தொகுப்பு, அதற்கெனத் தனியாக 30 செக்மென்ட். பக்கத்து வகையின் இடத்தை அது பறிப்பதில்லை.

பார்வை உரிமையிலும் இதே விலகல் பயன்படுகிறது. எந்த ரெஸ்பான்ஸிபிலிட்டிக்கு, அதாவது பயனருக்கு அளிக்கப்படும் எந்த அணுகல் பொறுப்புக்கு, எந்த இஐடி தெரியலாம் என்று தனித்தனியே குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. இஐடி வகையைப் பதிவு செய்யும் நிரலை ஓட்டிவிட்டு இந்த இரண்டாம் படியை மறந்து, திரையில் ஒன்றும் வரவில்லையே என்று தலையைச் சொறிந்துகொள்ளாதவர் இந்தத் தொழிலில் இல்லை. ஆனால் அந்த மூடிய கதவுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது 2013இன் 4ஆம் சட்டம், மத நம்பிக்கையைச் சிறப்பு வகைத் தகவலாக வைத்திருக்கிறது; 2021 ஜூலை 1 முதல் அதை நடைமுறைப்படுத்தும் அதிகாரமும் வந்துவிட்டது. புரட்டாசியில் மரக்கறி உண்பவர், தீபாவளிக்கு விடுப்புக் கேட்பவர் என்ற இரண்டு குறிப்புகள் சேர்ந்தால் ஒருவருடைய சமயத்தைச் சொல்ல வேறெதுவும் தேவையில்லை. டிஎஃப்எஃப்பில் இருந்தவரை, பணியாளர் திரையைத் திறக்கும் எவரும் அதைப் படிக்க முடிந்தது. பெட்டி முழுவதையும் மறைக்கலாமே தவிர, உள்ளே உள்ள ஒரு செக்மென்ட்டை மட்டும் சிலருக்கு மறைக்க எளிய வழி இல்லை. இப்போது ஷிப்டு போடுகிறவரும் கேன்டீன் பொறுப்பாளரும் மட்டுமே அதைப் பார்க்கிறார்கள்.

இஐடிக்குக் குறை இல்லாமல் இல்லை. அது தேதிவாரி வரலாறு வைக்காது. தொடக்க நாள், முடிவு நாள் என்று இரண்டு செக்மென்ட்களை நாமே வைக்க வேண்டும். ஒரே காலத்துக்கு இரண்டு வரிசைகள் மோதினால் அதுவாகத் தடுக்காது, அதற்கென யூசர் ஹூக், அதாவது சேமிக்கும்போது ஓடும் நம் சொந்தச் சோதனை நிரல், எழுத வேண்டியிருந்தது. நாள் செக்மென்ட்டுக்கு எஃப்என்டி ஸ்டாண்டர்ட் டேட் என்ற வேல்யூ செட்டையே பயன்படுத்துங்கள். அது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் சேமிப்பதால் அறிக்கையில் வரிசைப்படுத்தும்போது பிசகாது.

எஸ்ஐடியை நான் குறைவாகவே பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால் அதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். முதலுதவிச் சான்றிதழுக்கு அதுவே பொருத்தம் என்று ஒரு நண்பர் வாதிட்டார், வாதம் வலுவானதுதான். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில், 50 பேர் வரையுள்ள ஒவ்வொரு குழுவுக்கும் செல்லுபடியாகும் சான்றிதழோடு ஒருவராவது அருகில் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள பணியிடப் பாதுகாப்பு விதி. எஸ்ஐடியில் தொடக்க நாளும் முடிவு நாளும் கூடவே வருகின்றன. திறன்களைப் பணிகளோடு பொருத்திப் பார்க்கும் திரையும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் அது கீ ஃபிளெக்ஸ்ஃபீல்டு, அதாவது செக்மென்ட்களின் மதிப்புகளை ஒரே கோவையாகச் சேர்த்து வைக்கும் வகை. விவரக் கோவை ஓர் அட்டவணையிலும் அதை ஆளோடு இணைக்கும் வரிசை வேறோர் அட்டவணையிலும் இருப்பதால், ஒரே மாதிரியான கோவை உள்ள இருவர் ஒரே வரிசையைப் பகிர்ந்துகொள்வார்கள். அதை அறியாமல் பின்வாசல் வழியாக, அதாவது திரையை விட்டு நேரே அட்டவணையில், ஒருவருக்குத் திருத்தினால் மற்றவருக்கும் திருந்திவிடும். திறன் பொருத்தும் திரையை உங்கள் நிறுவனம் உண்மையிலேயே பயன்படுத்துகிறது என்றால் எஸ்ஐடியைத் தேர்வதே முறை; எங்களிடம் அதைத் திறந்தவரே இல்லை. ஆகவே சான்றிதழும் இஐடிக்கே போயிற்று.

எதைச் சேர்ப்பதற்கு முன்னும் அது ஏற்கனவே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் கீழ் அளிக்கும் அறிக்கைக்காக இனப்பிரிவுக்கு ஒரு புலம் வேண்டும் என்று இடையில் ஒரு கோரிக்கை வந்தது. தென்னாப்பிரிக்காவுக்கான உள்ளூர் அமைப்பிலேயே அது இருப்பதை ஒருவர் சுட்டிக்காட்டியிராவிட்டால், ஒரே ஆளுக்கு இரண்டு இடங்களில் இரண்டு விடைகள் எழுதப்பட்டிருக்கும்.

சீருடை அளவும் லாக்கர் எண்ணும் இன்னும் டிஎஃப்எஃப்பில்தான் இருக்கின்றன. பழைய அறிக்கைகள் அட்ரிபியூட்7 என்று எழுதிப் படிப்பதால், அவற்றையெல்லாம் தேடித் திருத்தாமல் இடம் மாற்ற முடியவில்லை. அறிக்கைகளைத் தேடி எடுத்த பட்டியல் என் மேசையில் இருக்கிறது. அதில் பாதியை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்குத்தான் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.