நியூட்ரினோவைப் பற்றி எங்கே போய் வாதாடுவது?

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் வரலாமா, கூடாதா? முகம் தெரியாதவர்களோடு ஆன்லைனில் வாதாட எந்த இடம் உருப்படி என்று சோதித்துப் பார்க்க இதைவிடத் தோதான கேள்வி கிடைக்காது. ஏனென்றால் இது ஒரு கேள்வியே இல்லை. மூன்று கேள்விகள் ஒரே சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

நியூட்ரினோ என்கிற, அணுவைவிடச் சிறிய துகள் உடம்புக்குக் கெடுதலா என்பது முதலாவது. இது வெறும் இயற்பியல். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி என்ற கணக்கில் பாய்ந்துகொண்டிருக்கின்றன, எதையும் சீண்டுவதில்லை. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே கிடையாது. மலையைக் குடைந்தால் என்ன ஆகும் என்பது இரண்டாவது. சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதற்கான வெடி, வெளியே கொட்ட வேண்டிய பாறை, ஆய்வகத்துக்கு எடுக்கும் தண்ணீர், கேரளத்தின் மதிகெட்டான் சோலைக் காட்டுக்கும் பெரியாறு புலிகள் காப்பகத்துக்கும் இடையிலான புலி வழித்தடம். இங்கே இரண்டு பக்கமும் பேச விஷயம் இருக்கிறது. யார் முடிவெடுப்பது என்பது மூன்றாவது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. இரண்டே மாதத்தில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. 2017ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது, 2018ல் மத்திய அரசு மறுபடியும் கொடுத்தது, 2022ல் அனுமதிக்க முடியாது என்று உச்சநீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசு சொன்னது. இது சுத்தமான அரசியல்.

ஆக, என் அளவுகோல் ஒன்றுதான். முதல் கேள்வியில் மாட்டிக்கொண்ட ஒருவர் சத்தமில்லாமல் மூன்றாவதுக்குத் தாவினால், அவரை இழுத்துப் பிடிக்க அந்த இடத்தில் ஏதாவது வழி இருக்கிறதா? மரியாதையாகப் பேசுகிறார்களா என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு வழி கிடையவே கிடையாது. ஒரு குடியிருப்போர் குழுவில் பார்த்ததைச் சொல்கிறேன். ‘கதிர்வீச்சு பரவும், அணை உடையும், அனைவருக்கும் பகிரவும்’ என்று ஒரு ஃபார்வர்டு வந்து விழுந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “சார், நியூட்ரினோ இப்பவே நம்ம உடம்பு வழியா போய்க்கிட்டுத்தான் இருக்கு” என்று போட்டார். உடனே இன்னொருவர், “அப்ப எதுக்கு சார் மலையைக் குடையணும்?” என்றார். அருமையான கேள்வி! அந்தக் குழுவில் அந்த வருடம் கேட்கப்பட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான். விண்வெளியிலிருந்து வரும் மற்ற துகள்களையெல்லாம் பாறை வடிகட்டிவிடும், நியூட்ரினோ மட்டும் கீழே வந்து சேரும், அதனால்தான் மேலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை வேண்டும் என்பது பதில். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965லேயே வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தது இந்த வித்தையால்தான். ஆசிரியர் இதையெல்லாம் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம், தண்ணீர் லாரி எப்போது வரும் என்று ஒரு விசாரிப்பு, ஒரு வளைகாப்பு அழைப்பிதழ். பேச்சு அடங்கிவிட்டது. ஃபார்வர்டு மட்டும் அதன் போக்கில் அடுத்த குழுவுக்குப் போயிருக்கும்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியை நம்பி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரே அடித்துக் கொன்றது. நாடெங்கும் அப்படித் தொடர்ந்து நடந்த பிறகுதான், ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. 2020ல், ஏற்கெனவே பலமுறை கைமாறிய செய்திகளுக்கு ஒரே ஒரு அரட்டை என்று இறுக்கினார்கள். வேகம் குறையும், சரி. ஆனால் வேகம் மட்டுமா கோளாறு? பதில் சொன்னவரின் பதில் ஃபார்வர்டோடு சேர்ந்து பயணிப்பதில்லை. அங்கே பொய் ஊர் சுற்றுகிறது, மறுப்பு குழுவுக்குள்ளேயே கிடக்கிறது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம் என்றான பிறகு, பாதிப் பேர் யார் என்றே தெரியாது. ஆனாலும் சொந்தக்காரர் சொன்னது போன்ற நம்பிக்கை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகமூடி போட்டுக்கொண்டு பேசுவதால்தான் ஆன்லைன் கெட்டுப்போச்சு என்கிறவர்களை நான் ஏற்பதில்லை. வாட்ஸ்அப்பில் எல்லாரும் சொந்த நம்பரில், சொந்தப் படத்தோடுதான் இருக்கிறார்கள். நம் ஊரில் ஒருவர் தன் பெயரையும் ஊரையும் சொன்ன கையோடு, அவர் என்ன சாதி, எந்த மதம், எந்தக் கட்சி என்று எதிராளி மனசுக்குள் கணக்குப் போட்டு முடித்துவிடுவார். அப்புறம் எங்கே வாதம்? ‘காக்கைச் சிறகு’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் புலி வழித்தடம் பற்றிப் பேசினால், வேறு வழியில்லாமல் அவர் சொல்வதைத்தான் கவனிக்க வேண்டியிருக்கும்.

எக்ஸுக்கு வருவோம். ட்விட்டராக இருந்தபோதே 280 எழுத்து என்றார்கள், ஆனால் நமக்கு அது 280 இல்லை. கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது அந்த இயந்திரம். ‘நியூட்ரினோ’ நம் கணக்கில் ஐந்து எழுத்து. அதன் கணக்கில் பத்து. அந்த வார்த்தையை ஒரு பதிவில் நாலு தடவை எழுதினால் ஏழில் ஒரு பங்கு இடம் காலி. காசு கட்டாதவர் இந்த இடத்துக்குள் மேலே சொன்ன மூன்று கேள்வியையும் பிரித்துப் பேச முடியாது. ஆகவே பிரிப்பதில்லை. ‘ஆய்வகம் வந்தால் என்ன’ என்றால் சங்கி (பாஜக ஆள்), ‘வேண்டாம்’ என்றால் உபி (திமுக உடன்பிறப்பு) அல்லது தம்பி (நாம் தமிழர்), ‘இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு’ என்றால் முட்டு கொடுக்கிறான். முத்திரை குத்துவதற்குத்தான் எழுத்து குறைவாகச் செலவாகும்.

அடுத்தவர் பதிவை எடுத்து ஒட்டி அதன்மேல் தன் கருத்தை எழுதும் மேற்கோள் பதிவு இன்னொரு வினை. பதில் சொல்கிறவர் உங்களைப் பார்த்துப் பேசுவதில்லை. உங்களைத் தூக்கிக் காட்டித் தன் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறார். கம்பு சுத்துவதற்குக் கூட்டம் வேண்டுமே.

இருந்தாலும் எக்ஸில் ஒரு நல்ல யோசனை இருப்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்: சமூகக் குறிப்புகள். 2021ல் அமெரிக்காவில் வேறு பெயரில் தொடங்கி, 2024 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சற்று முன்னால், இந்தியாவுக்கும் வந்தது. தப்பான பதிவுக்குக் கீழே யாரோ ஒரு குறிப்பு எழுதுவார்; அதிகம் பேர் ‘பயனுள்ளது’ என்று சொல்லிவிட்டால் மட்டும் அது வெளியே தெரியாது. வழக்கமாக ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்கள், இந்தக் குறிப்பில் மட்டும் ஒத்துப்போக வேண்டும். ஒரு கட்சிக்காரர்கள் மொத்தமாக வந்து குத்தினாலும் பலிக்காது. ‘நியூட்ரினோவால் புற்றுநோய்’ மாதிரியான பதிவுக்கு இது சரியான மருந்து. ஆனால் மருந்து வருவதற்குள் பதிவை லட்சம் பேர் படித்து நகர்ந்திருப்பார்கள். இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு இது உதவவும் உதவாது. எதிரெதிர் அணிகள் அங்கே ஒத்துப்போகாது, ஒத்துப்போகவும் தேவையில்லை.

யூடியூப் கமெண்ட்டைப் பற்றி ஒரே வரி: அங்கே எழுதுவது வீடியோ போட்டவருக்கு, மற்ற கமெண்ட் எழுதியவருக்கு அல்ல. ஃபேஸ்புக்கில் நீளமாக எழுத இடம் உண்டு, நல்ல கட்டுரைகளும் வந்ததுண்டு. ஆனால் விவாதம் நடப்பது பதிவு போட்டவர் வீட்டுத் திண்ணையில். பிடிக்காத பின்னூட்டத்தை அழிக்கும் உரிமை அவருக்கு. இழுத்துப் பிடிப்பதாவது!

குரல் அறைகள் வேறு ரகம். 2021 மே மாதம், இரண்டாவது அலை ஊரடங்கின் நடுவே, கிளப்ஹவுஸ் ஆண்ட்ராய்டுக்கு வந்ததும் தமிழில் அறைகள் முளைத்தன; பிறகு கூட்டம் ட்விட்டர் ஸ்பேஸுக்கு நகர்ந்தது. அங்கே நடத்துபவரையும் சேர்த்து 13 பேர்தான் ஒரே சமயத்தில் மைக் பிடிக்கலாம், மற்றவர்கள் கை தூக்கிக் காத்திருக்க வேண்டும். ஆதாரம் காட்டுவது சிரமம், அரை மணி நேரம் கழித்து வந்தவர் முதலிலிருந்து கேட்பார், மைக்கை அடைக்கும் அதிகாரம் ஒருவர் கையில். வாதமாகப் பார்த்தால் சுமார்தான். ஆனால் இரண்டாவது கேள்விக்கு இதைப்போல வேறு இடம் கிடையாது. தட்டச்சே செய்யாத ஒரு விவசாயி, “எங்க ஊர்ல போர் போட்டா எத்தனை அடியில தண்ணி வரும் தெரியுமாண்ணே?” என்று ஆரம்பித்தால், அதுவரை வரைபடம் காட்டாத குறையாகப் பேசிக்கொண்டிருந்த பொறியாளர்கள் வாயை மூடுவதை நான் கேட்டிருக்கிறேன். திட்டுவதும் அங்கே கொஞ்சம் குறைவு. எழுத்தில் சுலபமாக வரும் வசை, வாயால் சொல்லும்போது பலருக்குத் திக்குகிறது.

ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் ‘சேஞ்ச் மை வியூ’ (என் கருத்தை மாற்று) என்று ஒரு பகுதி 2013லிருந்து ஆங்கிலத்தில் நடக்கிறது. என் அளவுகோலில் அதிக மதிப்பெண் வாங்குவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கருத்தை வைப்பவர், அதை மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன் என்ற நிபந்தனையோடுதான் வைக்க வேண்டும். போட்டுவிட்டு ஓடக் கூடாது. மூன்று மணி நேரத்துக்குள் பதில்களோடு மல்லுக்கட்டத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவைத் தூக்கிவிடுவார்கள். முதல் நிலைப் பதில்கள் அவர் கருத்தை எதிர்த்தே இருக்க வேண்டும், ‘சூப்பர் தலைவா’வுக்கு இடமில்லை. யாராவது அவர் மனதை ஒரு அங்குலம் அசைத்தாலும், எது அசைத்தது என்று எழுதி ஒரு டெல்டா குறி கொடுக்க வேண்டும். தோற்றவருக்கு அவமானம் இல்லை. மனம் மாறியவர்தான் அன்றைய ஆட்டத்தின் நாயகன். கேள்வி விட்டுக் கேள்வி தாவினால், ‘நீங்கள் வைத்த கருத்து இதுதானே’ என்று தலைப்பையே எடுத்துக் காட்டலாம்.

கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல் இந்தப் பகுதியின் விவாதங்களை மொத்தமாக எடுத்து அலசினார்கள். சீக்கிரம் வந்து பதில் சொன்னவர்களுக்கே மனதை மாற்றும் வாய்ப்பு அதிகம். இருவரும் மாறி மாறிப் பேசுவது ஓரளவு வரை உதவுகிறது. ஐந்து சுற்றைத் தாண்டி இழுத்தால் அநேகமாக ஒன்றும் நடப்பதில்லை. கருத்தை வைத்தவர்களில் ‘நான் நினைக்கிறேன்’ என்று எழுதியவர்கள் மனம் மாற இடம் கொடுத்தார்கள், ‘நாங்கள்’ என்று எழுதியவர்கள் அவ்வளவாக இல்லை. நம் பக்கத்து விவாதங்களில் ‘நாங்கள்’ எத்தனை என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

ஆனால் 2025 ஏப்ரலில் அந்த இடத்துக்கும் அடி விழுந்தது. ஜூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், யாரிடமும் சொல்லாமல், செயற்கை நுண்ணறிவு எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பின்னூட்டங்களைச் சில மாதங்களாக அங்கே இறக்கியிருந்தது தெரியவந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர், மனநல ஆலோசகர் என்றெல்லாம் வேடம் போட்டு அந்த இயந்திரக் கணக்குகள் பேசியிருக்கின்றன. மனிதரோடு பேசுகிறோம் என்று நம்பி மனதைத் திறந்தவர்களை அது எப்படிச் சுட்டிருக்கும்! அதற்காக அந்த விதிகள் கெட்டவை என்று ஆகிவிடாது. சொந்த அனுபவத்தை ஆதாரமாக வைப்பவரிடம் இனிமேல் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். வாதத்தை வைப்பவர் இயந்திரமாகவே இருந்தாலும் வாதம் நிற்குமா விழுமா என்று பார்த்துவிடலாம்.

கடைசியாக விக்கிப்பீடியாவின் பேச்சுப் பக்கம், அதாவது ஒரு கட்டுரையில் என்ன இருக்கலாம் என்று எழுதுகிறவர்கள் பேசிக்கொள்ளும் பக்கம். இதை விவாத இடமாகவே பலர் நினைப்பதில்லை. உங்கள் கருத்துக்கு அங்கே சல்லிக்காசு மதிப்பில்லை, ‘சான்று தேவை’ என்று ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் எழுதியதும் அழித்ததும் நேரத்தோடு பதிவாகிவிடும். நேற்று அப்படிச் சொல்லவில்லை என்று மழுப்ப முடியாது. முதல் கேள்விக்கு இது போதும், சொல்லப்போனால் மிச்சம். மூன்றாவது கேள்வியில் யார் என்ன சொன்னார்கள் என்று பதியலாமே தவிர, யார் சரி என்று தீர்ப்பு சொல்ல முடியாது. தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுப்பேச்சுக்கு ‘ஆலமரத்தடி’ என்று அழகான பெயரில் ஓர் இடம் உண்டு. ஆனால் கட்டுரைகளின் பேச்சுப் பக்கங்கள் பல காலியாகவே கிடக்கின்றன, ஆள் இல்லை. எக்ஸில் ஒரு நாள் கதறுகிறவர்களில் நூறில் ஒருவர் இங்கே வந்து ஒரு சான்றைச் சேர்த்தால் அடுத்த தடவை ஃபார்வர்டு வரும்போது ஒட்டுவதற்கு ஒரு சுட்டியாவது இருக்கும்.

இது நடந்த கதைதான். இணையத்தின் இளம் வயதில் யூஸ்நெட் என்ற விவாதக் குழுக்களின் வலையில் ‘டாக் ஆரிஜின்ஸ்’ என்று ஒரு குழு இருந்தது. பரிணாமக் கொள்கையா, படைப்பா என்ற சண்டை மற்ற அறிவியல் குழுக்களைத் தொந்தரவு செய்யாமல் இருக்க ஒதுக்கிக் கொடுத்த மூலை. அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால், சலித்துப்போனவர்கள் பதில்களைச் சான்றுகளோடு தொகுத்து வைத்தார்கள். சண்டை போட்டவர்கள் எத்தனை பேர் மனம் மாறினார்களோ, அந்தத் தொகுப்பை இன்றும் தேடிப் படிக்கலாம்.

ஆகவே என் கணக்கு இது. கதிர்வீச்சு பற்றி யாராவது கிளப்பினால் அவரோடு பொதுக் குழுவில் மோதுவதில்லை. தனியாக ஒரு செய்தி, கூடவே விக்கிப்பீடியாச் சுட்டி. தண்ணீர், காடு என்றால் ஸ்பேஸில் கேட்டுக்கொண்டிருப்பேன், பேசுவது குறைவு. மத்திய அரசா மாநில அரசா என்ற மூன்றாவது கேள்விக்கு, ரெட்டிட்டின் அந்த விதிகளை அப்படியே தூக்கிவந்து, ஒத்துக்கொள்கிற நாலைந்து பேரோடு டெலிகிராமில் ஒரு குழு நடத்துகிறோம். ஒருவருக்கொருவர் உண்மைப் பெயர் தெரியாது. ஐந்து சுற்றுக்கு மேல் போனால் பேச்சை மூடிவிட வேண்டும் என்பது அங்கே எழுதி வைத்த விதி. அதை அதிகமாக மீறுகிறவர் அந்த விதியைக் கொண்டுவந்தவர்தான்.