மைக்கை அணைத்துவிட்டால் அடக்கம் யாருடையது? அதிபர் விவாத மேடைகள், ஓர் ஒப்பீடு

அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதம் முடிந்ததுமே எல்லோரும் கேட்பது "ஜெயித்தது யார்?" என்பதைத்தான். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, அந்த 90 நிமிடமும் இருவரும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது. திட்டங்களைத் தேர்தல் அறிக்கையில் படித்துக்கொள்ளலாம். எதிராளி பேசும்போது முகம் எப்படிப் போகிறது, பிடிக்காத கேள்வி கேட்டவரிடம் எப்படிப் பேசுகிறார், நேரம் முடிந்த பிறகும் விடாமல் பேசுகிறாரா என்பதெல்லாம் மேடையில்தான் தெரியும். ஆனால் எல்லா மேடைகளும் இதை ஒரே அளவில் காட்டுவதில்லை. விதிமுறை மாறினால் அதே ஆள் வேறு ஆளாகத் தெரிகிறார். அதனால் மேடைகளைத்தான் முதலில் எடைபோட வேண்டியிருக்கிறது.

திறந்த மைக்கும் மூடிய மைக்கும்

திறந்த மைக் என்றால் என்ன நடக்கும் என்பதற்கு 2020 செப்டம்பர் 29 அன்று கிளீவ்லாந்தில் நடந்த விவாதமே சாட்சி. பைடன் வாயைத் திறக்கும்போதெல்லாம் டிரம்ப் குறுக்கே பேசினார். நெறியாளர் கிறிஸ் வாலஸ் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டும் பயனில்லை. ஒரு கட்டத்தில் பைடன் "வாயை மூடு" என்கிற தொனியில் சீறினார், கோமாளி என்றும் சொன்னார். மருத்துவக் காப்பீடு, கொரோனா பற்றியெல்லாம் யார் என்ன சொன்னார்கள் என்று பின்தொடரவே முடியவில்லை.

பார்க்கச் சகிக்காத விவாதம்தான். ஆனால் நடத்தையை எடைபோட உட்கார்ந்தவருக்கு அன்று கிடைத்ததுபோல் எப்போதும் கிடைக்காது. தடுக்க ஆளில்லாதபோது ஒருவர் எவ்வளவு தூரம் போவார், சீண்டப்பட்டால் இன்னொருவர் எந்த இடத்தில் பொறுமை இழப்பார் என்ற இரண்டுமே தெரிந்தன.

அடுத்து அக்டோபர் 22, நாஷ்வில். ஒவ்வொரு தலைப்பிலும் ஒருவருடைய முதல் 2 நிமிடப் பேச்சின்போது மற்றவரின் மைக் அணைக்கப்பட்டது. அதன் பிறகான பகுதியில் இருவர் மைக்கும் திறந்தே இருந்தன. ஆனாலும் அந்த இரவு முழுவதுமே அமைதியாகப் போனது. நெறியாளர் கிறிஸ்டன் வெல்கரின் உறுதிக்கு இதில் பங்கு உண்டு. முந்தைய விவாதத்துக்கு வந்த கடும் விமர்சனத்துக்கும் பங்கு இருந்திருக்கும்.

2024 ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் சிஎன்என் இன்னும் ஒரு படி மேலே போனது. பேசும் முறை யாருடையதோ அவருடைய மைக் மட்டும்தான் வேலை செய்யும், அரங்கில் பார்வையாளர்களும் கிடையாது. டிரம்ப் அன்று முன்பைவிட நிதானமாகத் தெரிந்ததாகப் பலர் எழுதினார்கள். இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. குறுக்கே பேச வழியே இல்லாதவர் குறுக்கே பேசாததற்கு எப்படி மதிப்பெண் போடுவது? அந்த அடக்கம் சிஎன்என் ஒலிப்பதிவாளருடையது. மூடிய மைக் பதில்களைத் தெளிவாகக் கேட்க உதவும், அவ்வளவுதான். பைடன் வாக்கியத்தின் நடுவே தடுமாறியது ஒளிவு மறைவின்றித் தெரிந்ததற்கும் அந்த அமைதி ஒரு காரணம். அடுத்த மாதம் 21ஆம் தேதி அவர் போட்டியிலிருந்தே விலகினார்.

ஆனால் மூடிய மைக்கிலும் நடத்தையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டும்போது பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரைப் பாருங்கள். 2024 செப்டம்பர் 10 அன்று ஃபிலடெல்ஃபியாவில், பைடனுக்குப் பதிலாக வேட்பாளரான கமலா ஹாரிஸ் மேடை ஏறியதும் நேராக டிரம்ப் நின்ற இடத்துக்கே போய்த் தன் பெயரைச் சொல்லிக் கை நீட்டினார். பிறகு டிரம்ப் பேசும்போதெல்லாம் புருவம் தூக்குவது, தாடையில் கை வைப்பது என்று முகத்தாலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். டிரம்போ பெரும்பாலும் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என் கணக்கில் கை நீட்டியதற்கு ஹாரிஸுக்கு மதிப்பெண் உண்டு, முகபாவங்களுக்குக் கொஞ்சம் குறையும். எதிராளி பேசும்போது பார்வையாளரின் கவனத்தைத் தன் பக்கம் இழுப்பதும் ஒருவகைக் குறுக்கீடுதான்.

டவுன் ஹால்

இது 1992இல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் தொடங்கிய முறை. இதில் சாதாரண வாக்காளர்களே கேள்வி கேட்பார்கள். நின்று பேச மறைப்பாக மேசை எதுவும் இருக்காது, வேட்பாளர்கள் அரங்கில் நடமாடலாம். நடத்தையை எடைபோட இதுவே எல்லாவற்றிலும் சிறந்தது என்பேன். காரணம், இங்கே எதிராளி மட்டும் முன்னால் இல்லை. அதிகாரம் எதுவும் இல்லாத ஒரு மனிதர் நின்று கேள்வி கேட்கிறார். அவரிடம் ஒரு தலைவர் எப்படிப் பேசுகிறார் என்பது எனக்கு வேறெதையும்விட முக்கியம்.

அந்த முதல் டவுன் ஹாலிலேயே இது தெரிந்துவிட்டது. தேசியக் கடன் உங்களைத் தனிப்பட்ட முறையில் எப்படிப் பாதித்தது என்று ஒரு பெண் கேட்டார். கேள்வி சரியாகப் பிடிபடாமல் அப்போதைய அதிபர் மூத்த புஷ் திணறினார். அந்தச் சமயத்தில் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் கேமராவில் பதிவானது. அவரை எதிர்த்து நின்ற பில் கிளின்டன் அந்தப் பெண்ணை நோக்கி நடந்து போய், உங்களை எப்படிப் பாதித்தது என்று அவரிடமே கேட்டுப் பேசினார். கடிகாரத்தைப் பார்த்ததை வைத்து ஒரு மனிதரை எடைபோடுவது நியாயமில்லைதான். ஆனால் கேட்டவரின் கவலை என்ன என்று புரிந்துகொள்ள முயன்றாரா என்று பார்ப்பது நியாயம்.

உடல் நெருக்கமும் இங்கேதான் வெளிப்படும். 2000இல் செயின்ட் லூயிஸில் மூத்த புஷ்ஷின் மகன் ஜார்ஜ் புஷ் பேசிக்கொண்டிருந்தபோது எதிர் வேட்பாளர் அல் கோர் எழுந்து அவருக்கு மிக அருகில் போய் நின்றார். புஷ் திரும்பிப் பார்த்துச் சும்மா ஒரு தலையாட்டலோடு பேச்சைத் தொடர்ந்தார். அரங்கம் சிரித்தது. 2016இல் அதே ஊரில், ஹிலாரி கிளின்டன் பேசும்போது டிரம்ப் பின்னாலேயே நின்ற காட்சியும் அப்படித்தான். அன்று தொடக்கத்தில் இருவரும் கை குலுக்கவே இல்லை. கடைசிக் கேள்வியாக ஒரு வாக்காளர், எதிராளியிடம் நீங்கள் மதிக்கும் ஒரு விஷயம் சொல்லுங்கள் என்றார். ஹிலாரி டிரம்பின் பிள்ளைகளைப் பாராட்டினார். டிரம்ப், ஹிலாரி எதையும் பாதியில் விட்டுவிடுகிறவர் அல்ல, போராளி என்றார். விவாதத்தை நடத்தும் எந்த நிறுவனமும் அந்தக் கேள்வியைத் தயாரித்து வைத்திருக்காது.

பிரான்ஸின் மேசை

அமெரிக்க முறைகளுக்குப் போட்டியாக ஒன்றை நிறுத்த வேண்டுமென்றால் அது பிரான்ஸின் அதிபர் விவாதம். 1974இல் தொடங்கியது. தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கு வந்த இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவரோடு ஒருவர் நேரடியாகப் பேசுவார்கள், நெறியாளர்கள் பெரும்பாலும் ஒதுங்கியே இருப்பார்கள். யார் எவ்வளவு நேரம் பேசினார் என்று கடிகாரம் கணக்கு வைக்கும், முடிவில் இருவர் நேரமும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். ஃபிலடெல்ஃபியாவில் டிரம்ப் ஹாரிஸைவிடச் சுமார் 5 நிமிடம் கூடுதலாகப் பேசியதை இதோடு வைத்துப் பாருங்கள்.

இந்த மேசையில் நடத்தை மிக நுணுக்கமாகத் தெரியும். 1988இல் பிரதமராக இருந்த ஷிராக், அதிபராக இருந்த மித்தரானிடம், இன்றிரவு நாம் இருவரும் சமமான வேட்பாளர்கள், அதனால் உங்களை மித்தரான் என்றே அழைக்கிறேன் என்றார். "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, பிரதமர் அவர்களே" என்றார் மித்தரான். குரலும் உயரவில்லை, விதியும் மீறப்படவில்லை. மரியாதைச் சொல்லாலேயே எதிராளியைச் சிறிதாக்கிவிட்டார். இதை ரசிக்கிறவர்கள் உண்டு, ஆனால் எனக்கு இது நல்ல நடத்தையாகப் படவில்லை. 2022 விவாதத்தில், அப்போது அதிபராக இருந்த மக்ரோன் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தது ஆணவம் என்று விமர்சிக்கப்பட்டதும் இந்த மேசையின் நெருக்கத்தால்தான்.

துண்டுக் காட்சியா, முழு விவாதமா?

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை, முழுசாகப் பார்ப்பதுதான். 2024 அக்டோபர் 1 அன்று டிரம்ப் அணியின் வான்ஸும் ஹாரிஸ் அணியின் வால்ஸும் மோதிய துணை அதிபர் விவாதத்தின் துண்டுக் காட்சிகளில், நெறியாளர்கள் மைக்கை அணைத்த தருணம்தான் பெரிதாக ஓடியது. முழுசாகப் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் கிடைத்தது. தன் மகன் ஒரு துப்பாக்கிச் சூட்டை நேரில் பார்த்ததாக வால்ஸ் சொன்னார். தன் முறை வந்ததும் வான்ஸ் முதலில் அதற்கு வருத்தம் தெரிவித்தார். அப்புறம்தான் வாதத்துக்கே போனார். விதி எதுவும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை என்பதால் அதற்கு முழு மதிப்பெண்ணையும் அவருக்கே போடலாம்.

ஆக, ஒரு வேட்பாளரின் நடத்தையைப் பார்த்து முடிவெடுக்க எனக்கு ஒரே ஒரு விவாதம்தான் கிடைக்கும் என்றால், டவுன் ஹாலைக் கேட்பேன். இரண்டு கிடைத்தால், இரண்டாவது பிரான்ஸ் பாணி மேசை: மைக் திறந்திருக்க வேண்டும், பேசிய நேரம் திரையில் ஓட வேண்டும், இருவர் முகமும் கடைசி வரை தெரிய வேண்டும். மூடிய மைக் விவாதத்தை, பதில்களை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்வேன்.