ஃபால்ஸ் சீலிங்கை மூடுவதற்கு முன் மேலே பாருங்கள்

வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் ஓர் அறையைத் தையலுக்கோ வேறு கைவேலைக்கோ தயார் செய்யப் போகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் தயவுசெய்து இதைப் படியுங்கள். செங்காங்கில் எங்கள் வீட்டில் நடந்தது. வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

நான் வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அவளுடைய அறையை வேலைக்கு ஒதுக்கினோம். மேற்குப் பார்த்த அறை, மத்தியானம் அனல் அடிக்கும். ஏர்கானை வேறு ஆட்கள் போட்டார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஃபால்ஸ் சீலிங் (கூரைக்குக் கீழே பலகையால் அடைக்கும் பொய்க்கூரை), விளக்கு, நான்கு புது பிளக் பாயின்ட் மூன்றையும் ஒரே கான்ட்ராக்டரிடம் கொடுத்தோம். நம் ஆள்தான், வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவார். கோட்டேஷனில் எல்லாம் தெளிவாகவே இருந்தது: சிஆர்ஐ 90 (நிறங்களை எவ்வளவு நிஜமாகக் காட்டும் என்பதற்கு 100க்கு மதிப்பெண்), 4000 கெல்வின் (மஞ்சளும் இல்லாத நீலமும் இல்லாத வெள்ளை) விளக்குகள், வயரிங் வேலைக்கு உரிமம் பெற்ற எலக்ட்ரிஷியன்.

முதலில் விளக்கு. வந்து இறங்கிய பெட்டிகளில் பிராண்டும் இல்லை, சிஆர்ஐயும் இல்லை. கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான்க்கா, வெளிச்சம் பளிச்சுன்னு இருக்கும்" என்றார். பளிச்சென்றுதான் இருந்தது, நீல வெளுப்பாக. தையல் வேலைக்கு வெளிச்சத்தின் அளவு மட்டும் போதாது, நிறம் நிஜமாகத் தெரிய வேண்டும். மலிவான எல்இடியில் அடர்ந்த சிவப்பு சரியாக எழும்பாது. அரக்கும் காப்பிக்கொட்டை நிறமும் அந்த வெளிச்சத்தில் அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஒரு முகூர்த்தப் பட்டுக்கு அரக்கு என்று எடுத்த நூல், பகல் வெளிச்சத்தில் பழுப்பாக நின்றது. மணப்பெண்ணின் அம்மா ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் அவர் வரவே இல்லை. இத்தனை வருஷம் தைத்துச் சேர்த்த பெயர் அது. எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் நான் இதை எழுத முக்கியக் காரணம் சீலிங்குக்கு மேலே இருந்தது. ஸ்டீம் அயர்னைப் போட்ட சில நிமிடத்தில் பிரேக்கர் விழுந்தது. மறுபடி தூக்கினால் மறுபடி விழுந்தது. கான்ட்ராக்டர் ஓர் ஆளை அனுப்பினார். அவர் டிபி பாக்ஸைத் (வீட்டின் பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் மின் பெட்டி) திறந்து, பிரேக்கரை மாற்றிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு விழவே இல்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் அறையில் லேசாக ஒரு பிளாஸ்டிக் வாடை. என் கணவருக்குச் சந்தேகம் வந்து, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் உள்ள ஓர் எலக்ட்ரிஷியனைக் கூப்பிட்டார். சீலிங்கில் மேலே பார்க்க ஒரு திறப்புகூட விடவில்லை. அறுத்துத்தான் பார்த்தோம்.

புது பிளக் பாயின்ட் நான்கையும் விளக்கு வயரிலேயே கோர்த்திருந்தார்கள். விளக்குக்கு உரிய 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, அதற்கு 6 ஆம்பியர் பிரேக்கர். என் அயர்ன் 2400 வாட், அது மட்டுமே 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பிரேக்கர் விழுந்தது சரியான வேலை. அதை எடுத்துவிட்டு 20 ஆம்பியர் போட்டிருந்தார் வந்தவர். அதாவது, கம்பியால் தாங்க முடியாத அளவுக்குச் சுமை ஏறினாலும் இனி எதுவும் விழாது, கம்பிதான் எரியும். இணைப்புகளைப் பெட்டிக்குள் வைக்காமல் வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஓர் இடத்தில் டேப் உருகிக் கருகியிருந்தது. ஆர்சிசிபி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது மின்கசிவுக்கு, வயர் சூடாவதைத் தடுக்காது.

சீலிங் உயரத்தையும் அந்த உரிமம் உள்ள எலக்ட்ரிஷியன்தான் அளந்து காட்டினார். தரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே 2.4 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது வீவக விதி. எங்களுடையது அதற்கும் கீழே.

சீலிங் மூடிய அன்றைக்கே முக்கால்வாசிப் பணம் கேட்டு வாங்கிவிட்டார்கள். "லைசென்ஸ் ஆள் வந்து சைன் போடுவார்க்கா" என்றார்கள், யாரும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் "நாளைக்கு வரேன்க்கா" என்று வந்ததுதான் கடைசி. கோட்டேஷனில் இருந்த நிறுவனம், புதுப்பிப்பு வேலைக்கு வீவக பதிவு செய்த நிறுவனங்களின் பட்டியலில் உள்ளதுதான். அங்கே போன் செய்தால், அந்த ஆள் இப்போது தங்களிடம் இல்லை என்கிறார்கள். ரசீது வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன். பட்டியலில் உள்ள பெயர், கோட்டேஷனில் உள்ள பெயர், பேநவ்வில் (போன் வழியாக வங்கிப் பணம் அனுப்பும் வசதி) பணம் போகும்போது திரையில் வரும் பெயர் மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். கேஸ்டிரஸ்ட் (சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் கொடுப்பது) அங்கீகாரம் உள்ள நிறுவனமாகப் பாருங்கள். அவர்கள் கடையை மூடிவிட்டாலும் முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. எலக்ட்ரிஷியனின் உரிம எண்ணை முதலிலேயே வாங்கி ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். சீலிங் பலகை ஏறுவதற்கு முன் ஏணியில் ஏறி வயரை ஒவ்வொரு மூலையாகப் படம் எடுங்கள். அந்தப் படம் கையில் வந்த பிறகுதான் அடுத்த தவணை. பார்க்க ஒரு திறப்பு வேண்டும் என்று கோட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ரசீது கொடுத்த நிறுவனத்தின் மேல் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறோம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை. பிரச்சினை ஏற்பட்டு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் கிடையாது, நாமே பேச வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்கு நம்மைப் போன்ற பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளிதான். அறுத்த சீலிங், கருகிய டேப், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்திருக்கிறோம். இதே போல் வேலை செய்து கொடுத்துவிட்டுப் போனவர்கள் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், வழக்கு இருக்கட்டும், முதலில் டிபி பாக்ஸையும் சீலிங்கையும் உரிமம் உள்ள ஒருவரை வைத்து இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.