இன்லைன் டீசல் பம்ப்: நெடுநாள் உழைப்பில் எப்படி?

தாழையூத்திலிருந்து தூத்துக்குடிக்கு சிமெண்ட் ஏற்றிச் செல்லும் எங்கள் பழைய லாரியில் உள்ள இன்லைன் பம்ப்பை (சிலிண்டருக்கு ஒன்றாக அழுத்தும் தண்டுகள் வரிசையாக அமைந்த, என்ஜினுக்கு டீசலைச் செலுத்தும் பம்ப்), நெடுநாள் உழைப்பைக் கருதி முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன். டீசலில் கந்தகத்தை நீக்கும்போது அதன் இயல்பான வழவழப்பும் குறைந்துவிடுவதால் எண்ணெய் நிறுவனங்கள் தனிச் சேர்மானம் கலக்கின்றன. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் கந்தக வரம்பு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) மட்டுமே. முழுவதும் டீசலையே மசகாக நம்பியிருக்கும் ரோட்டரி பம்ப்பைப் (ஒரே சுழல் பகுதி எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும் வகை) போலன்றி, இன்லைன் பம்ப்பின் தண்டுகளைத் தள்ளும் கேம் ஷாஃப்ட் என்ஜின் ஆயிலில் சுழல்கிறது என்பதே இதன் பெரிய பலம்.

டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சருக்கும், அது நகரும் உறையான பேரலுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான் என்பதால், தண்ணீரும் தூசியும் இதற்கு நேர்ப்பகை. கழற்றிய பிளஞ்சரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் சாய்வுவெட்டின் விளிம்பை ஒட்டி நெடுக்குவாட்டில் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. சூட்டில் நீர்த்த டீசல் அந்தக் கீறல்கள் வழியே கசிந்ததே, சூடான என்ஜின் மீண்டும் ஸ்டார்ட் ஆகத் திணறியதற்குக் காரணம்.

முதலில் சென்ற பட்டறையில் பம்ப்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றாமலே டீசல் அளவைக் கூட்டிவிட்டார்கள். கரும்புகைதான் மிச்சம், இது பொறுப்பான வேலையே அல்ல. ஒவ்வொரு லைனிலும் விழும் டீசலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துச் சமன் செய்த பின், அளவுச் சீட்டும் தருகிற இடத்திலேயே பம்ப்பைக் கொடுங்கள். ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றி, டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் கிண்ணமான செடிமெண்டரில் தேங்கும் தண்ணீரைத் தவறாமல் திறந்துவிடுங்கள்.