கேரவன் இழுக்கும் லேண்ட்க்ரூசருக்குப் பின்பக்கம் எது சரி: காயிலுக்குள் ஏர்பேக்கா, கனத்த காயிலா, முழு ஏர் ஸ்ப்ரிங்கா?

ஆஸ்திரேலியாவில் பெரிய எஸ்யூவி வைத்துக் கேரவன், அதாவது சக்கரம் வைத்த சின்ன வீடு, இழுக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு குறை பொதுவாக இருக்கும். கேரவனை மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், மூக்கு மேலே தூக்கும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணைக் கூசும், ஸ்டீயரிங் லேசாகிவிட்டது போல இருக்கும். சரி, பின்னால் ஏர்பேக் (விபத்தில் விரிகிற பை இல்லை, ஸ்ப்ரிங்குக்குத் துணையாகக் காற்று அடிக்கும் பை) போட்டுவிடலாம் என்று கடைக்குப் போனால், அங்கே ஒன்றல்ல, நாலைந்து விதமாகச் சரக்கு இருக்கும். எல்லாமே "சுமைக்கு" என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் செய்கிற வேலை வேறு. அதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. சரியாகத் தெரியாமல் வாங்கினால் காசு போவது மட்டுமில்லை, 110 கிலோமீட்டர் வேகத்தில் குடும்பத்தோடு போகிற வண்டி அது.

பேச்சுக்கு ஒரு வண்டி வேண்டும். 2007 முதல் 2021 வரை வந்த டொயோட்டா லேண்ட்க்ரூசர் 200-ஐ எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கும் இங்கே கேரவன் இழுப்பதில் இந்த வண்டிக்குத் தனி இடம் உண்டு. பின்னால் ஒரே தண்டாக ஓடும் ஆக்சில், அதன் மேல் காயில் ஸ்ப்ரிங், ஷாக் அப்சார்பர் தனியாக. காயிலுக்குள் இடம் இருப்பதால்தான் இந்த வண்டிக்கு ஏர்பேக் போடுவது சுலபம். இழுக்க அனுமதித்த எடை 3500 கிலோ, டோ பாலில் (கேரவன் மாட்டும் இரும்புக் குண்டில்) இறங்கலாம் என்று சொன்ன எடை 350 கிலோ. வண்டியின் சொந்த எடையும் அதன் மேல் ஏறுவதும் சேர்ந்து இருக்கலாம் என்ற மொத்த எடை, அதாவது ஜிவிஎம், 3350 கிலோ. உயர்ரக மாடல்களின் சொந்த எடையே சுமார் 2740 கிலோ. மிச்சம் 610. அதில் பால் எடை 350 போனால், ஆட்கள், பெட்டி, ஃப்ரிட்ஜ், புல்பார் எல்லாவற்றுக்கும் சேர்த்து 260 கிலோதான் இருக்கிறது. நான்கு பெரியவர்கள் ஏறினாலே கதை முடிந்தது.

எந்த ஏர்பேக்கும் இந்த 3350-ஐ ஒரு கிலோ கூட உயர்த்தாது. பின்பக்கம் தூக்கி நேராக நிற்கிறதே, அப்படியானால் வண்டி தாங்குகிறது என்றுதானே அர்த்தம் என்று நினைப்பவர்கள் நிறைய. ஆக்சில், வீல் பேரிங், டயர், பிரேக், சேஸிஸ் எதுவும் மாறவில்லை, உயரம் மட்டும்தான் மாறியிருக்கிறது. ஜிவிஎம் உயர வேண்டுமானால் அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட ஸ்ப்ரிங், ஷாக் மாற்றமும் அதற்கான சான்றும் தனியாக வேண்டும்.

எடை எங்கே போய் உட்காருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். நடுத்தரமான 2800 கிலோ கேரவன், அதில் பத்தில் ஒரு பங்கு, 280 கிலோ, பாலில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பால் இருப்பது பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இல்லை, சுமார் 1.3 மீட்டர் பின்னால். இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 2.85 மீட்டர். அதனால் சிறுவர்களின் ஏற்ற இறக்கப் பலகை போல, பின்னால் அமுக்கியது முன்னால் தூக்கும். 280 கிலோவை 1.3-ஆல் பெருக்கி 2.85-ஆல் வகுத்தால் 128. அதாவது முன்சக்கரங்கள் மேல் இருந்த 128 கிலோ கழன்று, பின் ஆக்சிலில் 408 கிலோ ஏறுகிறது. பால் எடை 350 என்றால் பின்னால் ஏறுவது சுமார் 510. ஸ்டீயரிங் லேசாவதற்கு இதுதான் காரணம். ஏர்பேக்கில் காற்றை ஏற்றினால் பின்பக்கம் உயரும், ஆனால் இந்தக் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கழன்றுபோன 128 கிலோ முன்னால் திரும்பி வராது.

காயிலுக்குள் போகும் ஏர்பேக்

அமெரிக்காவில் ஏர் லிஃப்ட் 1000, ஃபயர்ஸ்டோன் காயில் ரைட். ஆஸ்திரேலியாவில் ஏர்பேக் மேன், பாலிஏர். பெயர் நாலாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: பாலியூரிதேன் குழல் ஒன்றைச் சுருட்டி, காயிலின் சுருள்களுக்கு நடுவே நுழைத்து, ஒரு மெல்லிய குழாயை வெளியே எடுத்து வால்வில் முடிப்பது. முதல் இரண்டும் 5 முதல் 35 பிஎஸ்ஐ (டயருக்குப் பார்க்கிற அதே காற்றழுத்த அளவு) வரை ஓடுகிறவை. ஒரு ஜோடி சேர்ந்து 1000 பவுண்டு, அதாவது 450 கிலோ அளவுக்குத் தூக்கிக் கொடுக்கும் என்கிறார்கள்.

அந்த 450-ஐ மேலே பார்த்த 408 பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேரவன் மட்டுமே சுமை என்றால் ஏர்பேக் தன் எல்லைக்குள் வேலை செய்கிறது, ஆனால் எல்லையை ஒட்டித்தான். அதோடு டிக்கியில் டிராயர், ஃப்ரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி என்று 150 கிலோ எப்போதும் கிடந்தால், 35 பிஎஸ்ஐ வைத்தாலும் பின்பக்கம் இறங்கித்தான் நிற்கும். அப்படிப்பட்டவருக்கு ஏர்பேக் மட்டும் போதாது.

பிராண்டுகளுக்கு நடுவே நான் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. உயரம் சரியாக இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பேன். வண்டி கம்பெனி உயரத்தில் இருந்தால் ஒரு அளவு, இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தால் வேறு அளவு. உயர்த்திய வண்டியில் குட்டையான பையைப் போட்டால், அது காயிலுக்குள் நிற்காமல் ஆடி, உரசித் தேயும். இந்த விஷயத்தில் ஆஸ்திரேலிய நிறுவனங்கள் ஒரு படி மேலே. இங்கே நிறைய வண்டிகள் உயர்த்தப்பட்டவை என்பதால், அதற்கென்றே அளவு வைத்திருக்கிறார்கள். சில வண்டிகளில் பம்ப் ஸ்டாப், அதாவது ஸ்ப்ரிங் முழுக்க அமுங்கும்போது மோதித் தடுக்கும் ரப்பர் கட்டை, காயிலுக்குள்ளேயே இருக்கும். அதை வெட்டச் சொல்லும் கிட் என்றால், வெட்டிய பிறகு அந்த இடத்தை எது தாங்கும் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இரண்டு பைகளுக்கும் ஒரே வால்வா, தனித்தனி வால்வா என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். என் வரையில் மொத்த வேலையிலும் முக்கியமான முடிவு இதுதான். ஒரே குழாயில் இரண்டையும் இணைத்தால், வளைவில் வெளிப்பக்கப் பை அமுங்கும்போது அதன் காற்று உள்பக்கப் பைக்கு ஓடிவிடும். தாங்க வேண்டிய பக்கம் தளர்ந்து, தளர வேண்டிய பக்கம் விறைக்கும். வண்டி இன்னும் சாயும். பின்னால் உயரமான கேரவனை வைத்துக்கொண்டு இதை யாரும் விரும்ப மாட்டார்கள். தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு. கூடுதல் செலவு மிகக் குறைவு.

டாஷ்போர்டில் பொத்தான், வண்டிக்குள் கம்ப்ரஸர் என்று ஒரு கூடுதல் கிட் விற்கிறார்கள். தினம் மாட்டிக் கழற்றுகிறவருக்குச் சரி. வருஷத்தில் சில பயணம் போகிற குடும்பத்துக்கு டயர் பம்பே போதும். பையில் கொள்ளளவு மிகக் குறைவு, பம்பை வைத்த சில நொடியில் முள் ஏறிவிடும். அதே காரணத்தால் கேஜை வைத்து எடுக்கும்போது "புஸ்" என்று போகிற காற்றிலேயே ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறையும். அதனால் சும்மா சும்மா அளக்காதீர்கள். அளந்தால் கொஞ்சம் கூட வைத்து, பிறகு இறக்குங்கள். காலைக் குளிரும் கணக்கில் வரும். 35 டிகிரி மதியத்தில் 20 பிஎஸ்ஐ வைத்தது, மறுநாள் 5 டிகிரி விடியலில் 17-க்குக் கீழே நிற்கும். ஓட்டை என்று பயப்பட வேண்டாம்.

கேரவன் இல்லாதபோது காற்றைச் சுத்தமாக இறக்கிவிடுகிறவர்களும் உண்டு. பை மடிந்து சுருள்களுக்கு நடுவே நசுங்கிக் கிழிவது அப்படித்தான். 5 பிஎஸ்ஐ எப்போதும் இருக்கட்டும். அப்புறம், சைலன்ஸர் குழாய் பக்கத்தில் போகிறதா என்று படுத்துப் பாருங்கள். வெப்பத் தகடு கொடுத்திருந்தால் அதை மாட்டாமல் விடாதீர்கள்.

ஏர்பேக் போட்டால் சேஸிஸ் வளையும் என்று ஒரு பயம் எல்லா இடத்திலும் உலவுகிறது. அது வந்தது லீஃப் ஸ்ப்ரிங் (அடுக்கிய பட்டை ஸ்ப்ரிங்) வைத்த டபுள் கேப் பிக்கப்புகளில் இருந்து. லீஃப் ஸ்ப்ரிங் சுமையை அதன் இரண்டு முனைகளிலும் சேஸிஸில் பிரித்து இறக்கும். நடுவில் ஆக்சிலுக்கு மேல் ஏர்பேக்கை வைத்தால், சுமை அந்த ஓர் இடத்தில் குத்தும். பின்னால் நீண்டு தொங்கும் தொட்டியில் அதிக எடையும் சேர்ந்தால் சேஸிஸ் அங்கே மடங்கும். லேண்ட்க்ரூசரில் பை இருப்பது காயில் உட்காரும் அதே இருக்கையில். சுமை ஏற்கெனவே இறங்கும் இடத்தில்தான் இறங்குகிறது. அதனால் அந்தப் பயத்தை அப்படியே இங்கே கொண்டுவருவது சரியில்லை. அளவுக்கு மேல் ஏற்றினால் எந்த வண்டியும் உடையும், அது வேறு.

கனத்த காயில்

இதில் விசேஷம் ஒன்றுமில்லை: கம்பி தடிமனான காயில். நிரந்தரமாக 200 கிலோ, 400 கிலோ என்று சுமைக்கு ஏற்றபடி கிடைக்கும். கிழியாது, ஒழுகாது, அளக்க வேண்டாம். வடக்கே மண் ரோட்டில் ஆயிரம் கிலோமீட்டர் குலுங்கினாலும் அப்படியே இருக்கும். குறை ஒன்றே: சுமை இறங்கிய பிறகும் அது விறைப்பாகவே இருக்கும். 400 கிலோ காயிலைப் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலியாகப் பள்ளிக்கும் கடைக்கும் போனால், பின்சீட்டில் இருக்கும் குழந்தைகள் ஒவ்வொரு வேகத்தடையிலும் எகிறுவார்கள். நனைந்த ரோட்டில் பின்டயர் பிடிப்பும் குறையும்.

வண்டியில் எப்போதும் இருக்கும் எடைக்குக் காயில், வந்து போகும் எடைக்கு ஏர்பேக் என்பதுதான் என் தீர்ப்பு. டிராயரும் இரண்டாவது பேட்டரியும் நிரந்தரம் என்றால் 200 கிலோ காயில் போட்டு, அதற்குள் ஏர்பேக். வெறும் வண்டியில் கேரவன் மட்டும் என்றால் கம்பெனி காயிலே இருக்கட்டும், ஏர்பேக் போதும். எதைப் போட்டாலும் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். ஏர்பேக்குக்குத் துள்ளலை அடக்கும் சக்தி கிடையாது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய ஷாக்கின் மேல் 30 பிஎஸ்ஐ வைத்தால், ஒரு மேட்டில் ஏறி இறங்கிய வண்டி மூன்று முறை ஆடி நிற்கும்.

முழு ஏர் ஸ்ப்ரிங்

காயிலையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தடித்த ரப்பர் பையை வைப்பது. காலி வண்டியிலும் மென்மை, சுமையிலும் மென்மை, இந்த மூன்றில் சொகுசு என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. தூக்கும் சக்தியும் அதிகம். விலை பல மடங்கு, கம்ப்ரஸர் கட்டாயம் போல. ஆனால் நடு வழியில் பை போனால் கீழே காயில் இல்லை, வண்டி பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடும். நல்லார்பர் சமவெளியின் நடுவில் அடுத்த மெக்கானிக் எத்தனை நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார் என்று யோசித்தால், குடும்ப வண்டிக்கு இதை நான் சொல்ல மாட்டேன். காயிலுக்குள் போகும் பை கிழிந்தால் பின்பக்கம் இறங்கும், அவ்வளவுதான். மெதுவாக ஊர் போய்ச் சேரலாம்.

நிஸான் பேட்ரோல் ஒய்62 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஆடும் அமைப்பு, ஜிவிஎம் 3500. அந்த வண்டிக்கென்று அளந்த கிட்டைத்தான் வாங்க வேண்டும். லேண்ட்க்ரூசருக்கு நண்பர் போட்ட கிட்டின் நம்பரை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

முன்சக்கரத்தில் இழந்த எடைக்கு

மேலே சொன்ன 128 கிலோவைத் திருப்பித் தருவது வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் மட்டும்தான். அதன் ஸ்ப்ரிங் கம்பிகள் பாலில் இறங்கிய எடையின் ஒரு பகுதியை முன் ஆக்சிலுக்கும், இன்னொரு பகுதியைக் கேரவனின் சக்கரங்களுக்கும் தள்ளும். பால் எடை 200 கிலோவைத் தாண்டி, பெரும்பாலும் தார் ரோட்டில் போகிறவர் என்றால், ஏர்பேக்குக்கு முன்னால் இதைத்தான் விசாரிக்கச் சொல்வேன். கரடுமுரடான பாதைக்கென்று செய்த ஆஃப்ரோடு கப்ளிங் (கேரவனை வண்டியோடு இணைக்கும் பாகம்) பலவற்றோடு இது ஒத்துப்போகாது, ஓடைப் பள்ளத்தில் இறங்கும்போது கம்பிகளைக் கழற்ற வேண்டும். கேரவன் செய்தவரின் அனுமதியும் வேண்டும்.

இரண்டும் இருந்தால் வரிசை முக்கியம். கேரவன் மாட்டும் முன், வீட்டு வாசலில் சமதரையில், முன்சக்கர மையத்தில் இருந்து அதற்கு மேலே பாடியில் இருக்கும் வளைவின் விளிம்பு வரை டேப்பால் அளந்து ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி ஃபெண்டருக்குள் ஒட்டுங்கள். பின்னாலும் அப்படியே. பைகளில் 5 பிஎஸ்ஐ மட்டும் வைத்துக் கேரவனை மாட்டுங்கள். முன்பக்கம் எவ்வளவு உயர்ந்தது என்று பாருங்கள். ஹிட்ச்சின் கம்பிகளை இறுக்கி, முன்பக்கத்தைப் பழைய அளவுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகும் பின்பக்கம் தாழ்ந்திருந்தால் மட்டும் காற்று. முதலில் 30 பிஎஸ்ஐ ஏற்றிப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், கண்ணுக்கு வண்டி நேராகத் தெரியும், ஹிட்ச்சை யாரும் தேவையான அளவு இறுக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு முறை எடைமேடைக்குப் போங்கள். முழுச் சுமையோடு, கேரவன் மாட்டியபடி, முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக. பின் ஆக்சில் அதன் வரம்பான 1950 கிலோவைத் தாண்டியிருந்தால் இன்னும் காற்று ஏற்றுவதில் பயனில்லை. டிக்கியில் இருக்கும் தண்ணீர் கேனைக் கேரவனின் ஆக்சிலுக்கு மேல் மாற்றிவிட்டு மறுபடி மேடையில் ஏற்றுங்கள்.