கொஞ்சம் மண் கேட்ட சிறுமி

போன மாதம் யாழ்ப்பாணம் போயிருந்தபோது 'த சீக்ரெட் கார்டன்' (இரகசியத் தோட்டம்) என்ற ஆங்கிலச் சிறுவர் நாவலின் புதுப் பதிப்பொன்றை 900 ரூபா கொடுத்து வாங்கி வந்தேன். தங்கச்சியின் பேத்திக்குப் பத்து வயது ஆகப்போகிறது, அவளுக்குக் கொடுக்க. பஸ் ஆனையிறவு தாண்டுவதற்கிடையில் நாலு அத்தியாயம் நானே திரும்ப வாசித்துவிட்டேன்.

1911இல் புத்தகமாக வந்த கதை. எழுதிய பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட், 1890இல் தன் மூத்த மகனைக் காசநோய்க்குப் பறிகொடுத்த தாய். அது தெரிந்து வாசித்தால் பல பக்கங்கள் கனக்கும்.

மேரி இந்தியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளை. வாந்திபேதியில் தாயும் தகப்பனும் செத்துப்போக, வேலைக்காரரில் மிஞ்சியவர்கள் ஓடிவிட, அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருப்பதையே எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு சின்னப் பாம்பு மட்டும் அறைக்குள் ஊர்ந்து போகிறது. செத்தவர்களை நினைத்து மேரி அழவில்லை. முகத்தைச் சுழித்துக்கொண்டு, கண்டவரிலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டு, இங்கிலாந்தில் மாமன் வீட்டுக்கு வந்து சேர்கிறாள்.

2011இல், விசுவமடுப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்குள் இந்தக் கதையை நாளுக்குக் கொஞ்சமாகத் தமிழில் சொல்லிக் கொடுத்தேன். போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்த பிள்ளைகள். அவர்களிலும் அழாதவர்கள்தான் கூட. தன் பென்சிலைத் தொட்டவர் கையைக் கடித்துவிடும் ஒருத்தி இருந்தாள். 'திமிர் பிடிச்சது' என்று நானும் சொல்லியிருக்கிறேன். பயிற்சிப் பட்டறைகளுக்கெல்லாம் போய் வந்தவள்தான் நான். ஆனாலும் அந்தக் கோபத்துக்குள் துக்கம் இருந்தது எனக்கு உறைத்தது மேரியை வாசித்த பிறகுதான்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது, மேரியை யாரும் 'ஐயோ பாவம்' என்று தடவிக்கொண்டிருப்பதில்லை. வேலைக்காரப் பெண் மார்த்தா, உனக்கு உடுப்புப் போடத் தெரியாதா என்று நேரே கேட்கிறாள். மார்த்தாவின் தாய், பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடவே திண்டாடுகிறவள், கையிலிருந்த சில்லறையில் மேரிக்குக் கயிறடிக்க ஒரு கயிறு வாங்கி அனுப்புகிறாள். பிறகு மாமன், விளையாட்டுச் சாமானா, புத்தகமா, பொம்மையா, என்ன வேண்டும் என்று கேட்க, மேரி கேட்பது கொஞ்சம் மண். விதை போட்டு முளைப்பதைப் பார்க்க.

இந்த இடத்தில் ஒரு பிள்ளை கேட்டது: "அங்கை மிதிவெடி எடுத்திட்டினமோ ரீச்சர்?"

மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் றோட்டோரம் நின்ற காலம். மண்ணைக் கிண்டாதே, கிடப்பதைத் தொடாதே என்றுதான் நாங்களே படிப்பித்துக்கொண்டிருந்தோம். மேரி கேட்டது எவ்வளவு பெரிய சொத்து என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

மாமன் வீட்டில் பத்து வருசம் பூட்டிக் கிடந்த தோட்டத்துக்குள் டிக்கன் என்ற பொடியன் வருகிறான். பட்டுப்போனதாகத் தெரியும் ரோசாக் கிளையில் கத்தியால் கீறி, உள்ளே பச்சை ஓடுவதைக் காட்டுகிறான். உயிரிருப்பதற்கு வட இங்கிலாந்தில் அவர்களின் யோர்க்ஷயர்ப் பேச்சில் 'விக்' என்று ஒரு சொல். அடுத்த நாள் பார்த்தால் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூட வளவில் நின்ற, எறிகணைத் துண்டு ஏறிக் கருகிய வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள். கடிக்கிற பிள்ளைதான் நகத்தால் பட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "விக் இருக்கு ரீச்சர்," என்றாள். அவள் தானாக என்னோடு பேசியது அதுதான் முதல்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். இந்தியர்களைப் பற்றி மேரி சொல்வது மனம் கூசும் பேச்சு. வேலைக்காரரை மனிதரென்றே எண்ணாத வீட்டில் வளர்ந்த பிள்ளை அவள் என்று விளங்கப்படுத்தாமல் அந்தப் பக்கங்களைத் தாண்டக் கூடாது. 27 அத்தியாயங்களில் பின்பகுதியை மேரியின் மச்சான் கொலின் பிடித்துக்கொள்கிறான், மேரி ஓரமாகிவிடுகிறாள். எனக்கு அது பெரிய கவலை.

அதைவிடப் பெரிய சிக்கல் கொலின் எழுந்து நிற்கும் இடம். சாகப்போகிறோம் என்ற பயத்திலேயே படுக்கையில் கிடந்தவன், தோட்டத்துக்குள் நிற்கிறான், நடக்கிறான், கடைசியில் ஓடுகிறான். வகுப்பே கைதட்டியது. பொய்க்கால் போட்ட ஒரு பொடியன் மட்டும் தட்டவில்லை. "அவனுக்குக் கால் இருந்தது தானே ரீச்சர்," என்றான். ஓமடா, இருந்தது என்றேன். மனத்தைத் திடப்படுத்தினால் உடம்பு எழும்பிவிடும் என்று இந்தப் புத்தகம் சொல்வதை எங்கள் பிள்ளைகளுக்கு அப்படியே கொடுக்க ஏலாது. வாசித்துக் காட்டப்போகிற ஆசிரியர்கள் இதை முன்னரே யோசித்து வையுங்கள்.

பதிப்பைப் பற்றி: எழுத்து பொடி, படம் ஒன்றும் இல்லை, இரண்டாம் தரம் விரித்தபோதே நடுவில் பசை விட்டுவிட்டது. யோர்க்ஷயர்ப் பேச்சு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரையும் தடுக்கும். பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. போனில் வைத்து வாசித்து, பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னாலே போதும்.

பேத்தி இப்போது ஒன்பதாம் அத்தியாயத்தில் நிற்கிறாள். காலையில் என்னுடைய உழவாரத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கொலின் எழும்பும் அத்தியாயம் வரும்போது பக்கத்தில் இருந்து, அந்தப் பொடியன் கேட்டதையும் அவளுக்குச் சொல்வேன்.